அக்காவின் மூன்று சில்லு வண்டில்

எங்கட பக்கத்தில் பிள்ளைத் தள்ளுவண்டில் எண்டால் இரண்டு வகைதான். ஒன்று லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ பெரிய பெட்டியில் வந்து, முப்பத்தொண்டு அன்றைக்குப் பிள்ளையை வைத்துப் படம் எடுத்த பிறகு, பொலித்தீன் போர்த்திக்கொண்டு அறை மூலையில் நிற்கும். மற்றது பான்சிக் கடை வாசலில் தொங்கும். சில்லு ஒவ்வொன்றும் ஷூ பொலிஷ் டின் அளவு. இரண்டையும் விறாந்தையில் தள்ளலாம். ஒழுங்கையில் இறக்கினால் முதல் கல்லிலேயே நின்றுவிடும், உள்ளே இருக்கிற பிள்ளை முன்னுக்குச் சரிந்து ரோட்டைக் கும்பிடும்.

அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒழுங்கையில் போகிற வண்டில். அதுவும் அவவே தனியத் தள்ளிக்கொண்டு போகிற வண்டில்.

அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 மாசி, புதுக்குடியிருப்பு. அவவுக்குப் பதினாலு வயசு, எனக்குப் பத்து. இதை எழுதட்டோ எண்டு கேட்டன். "எழுது. ஆனா அதிலயே நிண்டு அழுதுகொண்டிராதை. வண்டிலைப் பற்றித்தானே எழுத வந்தனீ, வண்டிலைப் பற்றி எழுது" எண்டு சொல்லிப்போட்டா. ஆகவே வண்டில்.

அக்கா நேர்சறி ரீச்சர். ஜெய்ப்பூர் கால் போட்டு நடப்பா, சைக்கிளும் ஓடுவா. சீலை கட்டினால் புதிதாகப் பார்க்கிற ஆக்களுக்குக் கன நாளைக்கு விளங்காது. ஆனால் ஒரு கல்லில் தடக்குப்பட்டால் மற்றவர்களுக்குக் கணுக்கால் செய்து கொடுக்கிற வேலையை அவவுக்கு இரண்டு கையும்தான் செய்யவேணும். கையை விரிப்பா, மதிலைப் பிடிப்பா, நிற்பா. கையில் பிள்ளை இருந்தால்? "விழுறது எனக்குப் பழக்கம். பிள்ளையோட விழப் பழகேல்ல" எண்டா.

அதனால் மருமகன் பிறந்து ஆறு மாதம் வரைக்கும் அவன் வெளியே போனதெல்லாம் வேறு ஆக்களின் கையில்தான். கிளினிக்குக்கு அம்மா தூக்குவா, கோயிலுக்கு அத்தான் தூக்குவார், நான் கொழும்பிலிருந்து வருகிற சனி ஞாயிறுகளில் நான் தூக்குவன். அக்கா பின்னால் பையோடு வருவா. நிறை பார்க்கிற நாளில் குடும்பநல உத்தியோகத்தர் அன்பான மனுசிதான். ஆனால் பிள்ளையை வைத்திருக்கிற ஆளைப் பார்த்துத்தானே கேள்வி கேட்கத் தோன்றும். "பால் எத்தனை தரம் குடிக்கிறார்?" அம்மாவைப் பார்த்துக் கேட்பா, அக்கா பின்னால் நின்று பதில் சொல்லுவா. ஒருநாள் வீட்டுக்கு வந்து காலைக் கழற்றி வைத்துவிட்டு, "பெத்தது நான், பை தூக்கிறதும் நான்" எண்டு சிரிச்சா. அண்டைக்கு இரவுதான் நாங்கள் வண்டில் தேடத் தொடங்கினம்.

மூன்று சில்லு எண்ட யோசனை அத்தானுடையது. அவர் மேசன். சமனில்லாத நிலத்தில் நாலு கால் வைத்த மேசை ஆடும், மூன்று கால் வைத்தது ஆடாது எண்டார். அம்மம்மா உடனே, "மூண்டு கல்லு அடுப்பு எங்கயாவது ஆடினதோ?" எண்டு கேட்டா. விஷயம் அவ்வளவுதான். எந்தக் கரடுமுரடான நிலத்திலும் மூன்று புள்ளிகள் ஒரே நேரத்தில் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாலாவது புள்ளி வந்தால் ஏதோ ஒன்று அந்தரத்தில் நிற்கும், சட்டம் முறுகும், தள்ளுகிற ஆளின் கைக்கு அந்த ஆட்டம் வரும். அதைவிட, முன்னால் ஒரு சில்லு மட்டும் இருந்தால் ஒரு குழியை விலத்த ஒரு சில்லை விலத்தினால் போதும்.

ஆனால் ஓட்டோவில் ஏறின எல்லாருக்கும் இதன் மறுபக்கம் தெரியும். வளைவில் வேகமாகத் திருப்பினால் ஓட்டோ ஏன் பிரளுது? முன்னால் ஒரு சில்லு இருப்பதால் தாங்குகிற இடம் முக்கோணமாகி முன்னுக்குப் போகப் போக ஒடுங்குது. பாரம் முன் மூலைப் பக்கம் போனால் அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. தள்ளுவண்டிலும் அதே கணக்கு. அதனால் பின் சில்லுகளுக்கு இடையே அகலம் வேணும், பிள்ளை இருக்கிற இடம் பதிவாக இருக்கவேணும், பெல்ட் ஐந்து முனை பெல்டாக இருக்கவேணும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, காலுக்கு நடுவில் ஒன்று. இடுப்புக்கு மட்டும் கட்டுகிற பெல்டுகளை நாங்கள் பார்த்த உடனேயே விட்டிட்டம், எங்கட ஆள் பாம்பு மாதிரி வழுவுவார்.

இந்த மூன்று சில்லுக்கும் ஒரு கதை இருக்கு. மடித்துக் கையில் தூக்குகிற இலகுவான தள்ளுவண்டிலை 1965 இல் வடிவமைத்தவர் ஓவன் மக்லாறன் எண்ட ஆங்கிலேயப் பொறியியலாளர். ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தின் சில்லுக்கால் வேலை செய்தவர், மகள் பேரப்பிள்ளையின் பாரமான வண்டிலோடு படும் பாட்டைப் பார்த்து அலுமினியக் குழாயில் இதைச் செய்தார். இன்றைக்குப் பான்சிக் கடையில் தொங்குவதெல்லாம் அதன் பேரன் பூட்டன்தான். மூன்று சில்லு வந்தது அதற்குப் பிறகு. 1984 இல் அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்து யாக்கிமா எண்ட ஊரில் ஃபில் பேக்லர் எண்டவருக்கு ஓட்டப் பயிற்சி செய்கிற பழக்கம். மகன் பிறந்ததும் அவனையும் கொண்டு ஓட ஆசைப்பட்டு, ஒரு வண்டிலில் சைக்கிள் சில்லைப் பூட்டினார். அதுதான் பேபி ஜொகர் எண்ட கொம்பனியானது. ஓடுகிற ஆளுக்காகச் செய்த வண்டில் நடக்கிறதே பெரிய பாடாக இருக்கிற ஆளுக்கு ஏன் பொருந்துது எண்டு எனக்கு முதலில் விளங்கேல்லை. இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான் போல, ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்து சேரக்கூடாது.

முதலில் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடைக்குப் போனம். அக்கா, நான், மருமகன். காசு கட்டப்போறது அக்கா, கேள்வி கேட்டது அக்கா. பதில் எல்லாம் எனக்கு வந்தது. "பிறேக் கையால பிடிக்கிறது இருக்கோ தம்பி?" எண்டு அக்கா கேட்க, அந்தப் பெடியன் என்னைப் பார்த்து, "அவவுக்கு இது பாரம் மிஸ், ஏலாது, சின்னனா ஒண்டு எடுங்கோ" எண்டார். அவர் காட்டிய மூன்று சில்லு வண்டிலில் முன்னால் இருந்தது இரண்டு சின்னச் சில்லை ஒட்டி ஒன்றாக்கியது. பிளாஸ்ரிக். அக்கா அதைக் கடைக்கு முன்னால் இருந்த கான் மூடியில் ஏற்றிப் பார்க்கக் கேட்டா. விடேல்லை. நாங்கள் வந்திட்டம். வெளியில் ஏற்றிப் பார்க்க விடாத கடையில் தள்ளுவண்டில் வாங்கத் தேவையில்லை எண்டது என் அபிப்பிராயம்.

பிறேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். இணையத்தில் நான் பார்த்த வீடியோக்களில் யாரும் இதில் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கேல்லை. கனக்க வண்டில்களில் நிறுத்துகிற பிறேக் பின் அச்சில் இருக்கிற ஒரு கட்டை. காலால் அமத்தினால் பூட்டும், கால் விரலால் மேலே தட்டினால் திறக்கும். பாட்டா செருப்போடு தட்டிப்பாருங்கோ, எங்களுக்கே விரல் நோகும். ரப்பர்ப் பாதத்துக்கு விரலைத் தூக்கிற வேலை இல்லவே இல்லை. வலது காலால் தட்டலாம்தானே எண்டால், அந்த நேரம் உடம்புப் பாரம் முழுக்க இடது காலில், ஒற்றைக் காலில், கையில் வண்டில். சரிவராது. இரண்டு வழிதான் சரிவரும். ஒன்று, பூட்டவும் திறக்கவும் அமத்துகிறதே போதுமான கட்டை. மற்றது கைபிடியில் இருக்கிற பிறேக். ஓடுகிற ஆக்களுக்கான வண்டில்களில் சைக்கிள் மாதிரிக் கைப்பிறேக் வருவதுண்டு, ஆனால் அது வேகம் குறைக்கத்தான். நிறுத்தி வைக்க வேறு பூட்டும் இருக்கோ எண்டு தனியாகப் பார்க்கவேணும்.

அடுத்தது நடக்கிற இடம். கைபிடிக்கும் பின் அச்சுக்கும் இடையில் தூரம் குறைவாக இருந்தால் எட்டி நடக்கிற ஆளின் பாதம் அச்சில் அடிக்கும். அக்காவின் இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசித்தான் முன்னுக்கு வரும், அது சில்லிலும் அடிக்கும். கைபிடியின் உயரத்தை மாற்றக்கூடியதாக, நீளமாகப் பின்னுக்கு வந்ததாக வேணும். கால் செய்து கொடுக்கிற இடத்தில் அக்கா கேட்டுக்கொண்டு வந்தது இன்னொன்று. முழங்கை சற்று மடிந்த உயரத்தில் கைபிடி இருக்கட்டும், ஆனால் அதில் சாய்ந்து நடக்கக்கூடாது. வண்டில் ஊன்றுகோல் இல்லை. கைபிடியில் உடம்புப் பாரத்தைப் போட்டால் முன் சில்லு மேலே எழும்பும். மரக்கறிப் பையைத் தொங்கவிட்டாலும் அதேதான். பையைக் கீழ்க் கூடையில் வைக்கவேணும்.

இவ்வளவும் ஒரு தாளில் எழுதி அக்கா எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினா. வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் வெளிநாடு போகுது, மூன்று சில்லு வண்டில் விற்கினம் எண்டு கேள்விப்பட்டுப் போனன். நல்ல சாமான். முன்னால் பன்னிரண்டு அங்குலச் சில்லு, பின்னால் பதினாறு. காற்று ரயர். நான் ஒரு அடிமட்டமும் சால்வையும் கொண்டுபோயிருந்தன். இடது கணுக்கால் மடியாதபடி அடிமட்டத்தை வைத்துச் சால்வையால் இறுக்கிக் கட்டி, அவையின்ர மாடிப்படிக்குக் கீழே இருந்த கார் நிறுத்துகிற இடத்தில் மேலும் கீழும் தள்ளினன். வீட்டுக்கார அன்ரி ஒன்றும் கேட்கேல்லை, தேத்தண்ணி மட்டும் தந்தா. அக்கா வீடியோவில் பார்த்துக்கொண்டு, "திரும்பு… இப்ப பிறேக்கைப் பிடி… இல்லை, மற்றக் காலைத் தூக்காதை" எண்டு கட்டளை போட்டா. பிறேக் அமத்திப் பூட்டி அமத்தியே திறக்கிற வகை. அச்சில் கால் அடிக்கேல்லை. விலையை ஒருமுறைதான் குறைக்கக் கேட்டன்.

பின் அச்சின் அகலம் இருபத்தைந்து அங்குலம். கோண்டாவில் வீட்டுப் படலையை அத்தான் அளந்து இருபத்தெட்டு எண்டார். கிளினிக் கதவு முப்பத்திரண்டு. இதை அளக்காமல் வண்டில் வாங்குகிற ஆக்கள் இருக்கினம், பிறகு படலையைக் கழற்றுவினம்.

சில்லைக் கழற்றி இரவு பஸ்ஸில் ஏற்றினம். கழற்றக்கூடிய சில்லு எங்களுக்குப் பெரிய வசதி, ஓட்டோவின் பின் சீற்றில் வைக்கலாம். ஆனால் அதில் ஒரு கவனம் வேணும். அமெரிக்காவில் இப்படி விரைவாகக் கழற்றுகிற முன் சில்லுள்ள ஓட்ட வண்டில்களில் சில்லு ஓடும்போதே கழன்று பிள்ளைகளும் பெரியவர்களும் காயப்பட்ட முறைப்பாடுகள் வந்து, 2018 இல் அந்த நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு ஒரு உற்பத்தி நிறுவனத்துக்கு எதிராக வழக்கே போட்டது. அதை வாசித்த நாளிலிருந்து அத்தானுக்கு ஒரு பழக்கம். சில்லைப் பூட்டின பிறகு வண்டிலைத் தூக்கி, முன் சில்லைக் கையால் குத்தி இழுத்துப் பார்ப்பார். கழராவிட்டால்தான் பிள்ளை ஏறலாம்.

காற்று ரயர் வேண்டாம், பஞ்சர் பெரிய தலைவலி, நுரை அடைத்த ரயர்தான் நல்லது எண்டு வெளிநாட்டு ஆக்கள் எழுதியிருப்பினம். அவைக்குச் சரி. அங்கே பஞ்சர் ஒட்ட ஆள் தேடவேணும். எங்கட ஊரில் சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை, பன்னிரண்டு அங்குலச் சில்லு எண்டால் சின்னப் பிள்ளைகளின்ர சைக்கிள் சில்லு. அதே ரியூப். வால்வு மட்டும் மோட்டார்சைக்கிள் வால்வு மாதிரி, சாதாரண சைக்கிள் பம் பிடிக்காது, கடையில் அதற்கும் வாய் இருக்கு. நெருஞ்சி முள்ளால் இதுவரைக்கும் மூன்று பஞ்சர். காற்று ரயர் தருகிற மெத்தை மாதிரியான ஓட்டத்தை மூன்று பஞ்சருக்காக விடமாட்டன் எண்டுறா அக்கா. நானும் அவ பக்கம்.

வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையில் தண்டவாளம் ஒன்று இருக்கு. 1990 இல் நின்றுபோன ரயில், 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 தையில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. எல்லாருக்கும் சந்தோசம், தள்ளுவண்டிலுக்கு மட்டும் பிரச்சினை. தண்டவாளத்துக்கும் ரோட்டுக்கும் இடையில் இருக்கிற பிளவில் சின்னச் சில்லு இறங்கினால் அங்கேயே நிற்கும். அகன்ற ரயர் தாண்டும், ஆனால் நேராகக் கடந்தால்தான். சரித்துப் போனால் முன் சில்லு தண்டவாளத்தோடு திரும்பப் பார்க்கும். முன் சில்லு இரண்டு மாதிரி நிற்கும். விட்டால் நாலு பக்கமும் சுழலும், ஒரு பொத்தானைத் திருகினால் நேராகப் பூட்டும். ஒழுங்கையில் சுழல விடலாம். கடவையிலும் கல்லு ரோட்டிலும் பூட்டவேணும். அக்கா கடவைக்கு முன்னால் நின்று பூட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, கைபிடியில் இருக்கிற வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கடப்பா. படலை பூட்டியிருக்கிற வங்கிக் காசாளர் மாதிரி ஒரு முகம் வரும் அந்த நேரம்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம் எண்டதால்தான் இதெல்லாம் நடக்குது. என்னோடு வேலை செய்கிற ஹற்றன் பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "எங்க லயத்துக்குப் படி அறுபது. மூணு சில்லு, முப்பது சில்லு எது வந்தாலும் முதுகுதான்" எண்டா. அதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

வெயில் இன்னொரு விஷயம். ரோட்டில் காண்கிற மாமிமார் எல்லாரும், "ஐயோ பிள்ளைக்கு வெயில் படுது, துணியைப் போடு" எண்டு தங்கட சால்வையையே எடுத்து வண்டிலை மூடப் பார்ப்பினம். காய்ந்த துணியால் மூடினால் உள்ளே காற்று நின்று சூடு ஏறும், பிள்ளை அவியும். கூரையை நல்லாக் கீழே இழுத்து, பக்கத்து வலைச் சன்னலைத் திறந்துவிட்டு, காலை ஒன்பதுக்கு முதல் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு போவதுதான் வழி. மழைக்காலத்தில் டெங்குக்கு நுளம்புவலை. அதற்கு எங்கட அம்மா பழைய வலையில் தைத்துத் தந்தது கடையில் விற்பதைவிடத் திறம்.

வயசும் பார்க்கவேணும். கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்ந்த சீற்றில் வைக்கக்கூடாது, தட்டையாகச் சாய்கிற சீற்றோ தொட்டில் மாதிரியான பகுதியோ வேணும். இதில் வைத்து ஓடுவதெண்டால் ஆறு மாதமாவது போகவேணும். மருமகன் வண்டிலில் ஏறும்போது ஏழு மாதம்.

முதல் கிழமை அக்கா ஒழுங்கைக்குள்ளேயே தள்ளினா, உள்ளே பிள்ளைக்குப் பதில் ஐந்து கிலோ அரிசிப் பை. பிறகு பிள்ளை, பின்னால் நான். பிறகு கே.கே.எஸ். வீதி வரைக்கும். அம்மம்மாவுக்கு இது துண்டாகப் பிடிக்கேல்லை. "பிள்ளைக்குத் தாயின்ர இடுப்புச் சூடு வேணும், இதென்ன தேர் இழுக்கிற மாதிரி" எண்டு நின்றா. அக்கா திருப்பிக் கதைக்கேல்லை. அந்த ஆவணி நல்லூருக்குப் போனபோது கோயில் வீதியில் பரப்பியிருந்த மணலில் மற்ற வண்டில்களின் சின்னச் சில்லெல்லாம் புதைந்து, தகப்பன்மார் வண்டிலையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போச்சினம். எங்கட வண்டில் மணலில் மெல்லமாக என்றாலும் உருண்டது. அம்மம்மா பக்கத்தில் கூரையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தா, எதிரில் வந்த ஒரு தெரிஞ்ச மனுசியிடம், "இவள் தனியத்தான் தள்ளுறவள்" எண்டு சொன்னா.

புரட்டாதியில் ஒரு புதன், நான் கொழும்பில் வேலையில் நின்றபோது ஒரு படம் வந்தது. கிளினிக் வாங்கில், வண்டிலுக்குப் பக்கத்தில், கிளினிக் கொப்பியின் வரைபடப் பக்கம். நிறை ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் கூட. "ஆர் கூட்டிக்கொண்டு போனது?" எண்டு கேட்டன். "நான்" எண்டு வந்தது. பிறகு, "மிஸ் என்னட்டத்தான் கேட்டவ" எண்டு.

இப்ப அவனுக்கு ஒரு வயசும் நாலு மாதமும். உள்ளே இருக்க மாட்டான். இறங்கி, பின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானே தள்ளவேணும் எண்டு நிற்கிறான். தள்ளினால் முன் சில்லு எழும்பாது, ஆனால் மேலே தொங்கினால் வண்டில் அவன் பக்கம் சரியும். அதனால் அரிசிப் பை திரும்பவும் சீற்றில் ஏறியிருக்கு, பெல்ட் போட்டு. அக்கா ஒரு கையால் கைபிடியும் மற்றக் கையால் அவன் சட்டைக் கொலருமாக, ஒழுங்கை முடிவு வரைக்கும் போய் வருவா. அரை மணித்தியாலம் எடுக்கும்.